ஜூட்டை யாரிடம் விட்டுவிட்டு வர?

என் பிலோமி அக்காவுக்கு,

இந்த வருடம் கல்லறைத் திருநாளுக்கு நான் உன்னிடம் வரவில்லை. பக்கத்துக் கல்லறைக்காரர்கள் எல்லாம் காலையிலேயே வந்து, சிமெந்தைத் தேய்த்துக் கழுவி, செவ்வந்தி வைத்து, மெழுகுதிரி கொளுத்தி, ஃபாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வரும்வரை நின்றிருப்பார்கள். உன்னுடையது மட்டும் புல்லோடு கிடந்திருக்கும். மழை என்று சொல்லித் தப்பலாம், மழை பெய்தது உண்மைதான். ஆனால் கொட்டாஞ்சேனையில் மழைக்குப் பயந்து கல்லறைக்குப் போகாமல் விட்டவர் யார்?

உன் முன்னால் வந்து நிற்க எனக்கு முகமில்லை, அக்கா. அதுதான் காரணம். நேரில் என்றால் நான் வாயைத் திறக்க முதலே நீ கண்டுபிடித்துவிடுவாய். எழுதினால் கொஞ்சம் தைரியம் வருகிறது. இதை நாலு பேர் படிப்பார்கள் என்றும் தெரியும். படிக்கட்டும். என்னைப் புண்ணியவதி, புண்ணியவதி என்று சொல்லித் திரிந்தவர்கள் முதலில் படிக்கட்டும்.

வீட்டில் நடக்கிற புதினத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் மகனுக்கு இருபத்தெட்டு முடிந்துவிட்டது. பேச்சும் வரவில்லை, நடையும் வரவில்லை. நீ போனபிறகு வந்துவிடும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஆள் மட்டும் நன்றாகப் பாரம் வைத்துவிட்டான். கட்டிலிலிருந்து வீல் செயாருக்கு ஒருதரம் தூக்கினால் என் இடுப்பு கழன்று கையில் வந்துவிடும் போலிருக்கிறது. நீ அந்த மெலிந்த உடம்பை வைத்துக்கொண்டு அவனை எப்படித் தூக்கினாய்? ஒருநாளாவது என்னிடம் சொன்னாயா, பாரமாக இருக்கிறான் என்று?

நீ இருந்த காலத்தில் நான் காலையில் வெளிக்கிட்டால் வெள்ளவத்தைச் சாறிக் கடையின் மேல்மாடியில் பிளவுஸ் தைத்துவிட்டு, மாலையில்தான் திரும்புவேன். கொழும்பு காலி வீதி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் அதுவே எனக்குத் திருவிழா. வீட்டுக்கு வந்தால் நீ தேத்தண்ணி தருவாய். ஒருநாள் எரிச்சலில், "நான் நாள் முழுக்க மெஷினோட மாரடிக்கிறன், நீ வீட்டில சும்மாதானே இருக்கிறாய்" என்று சொன்னேன். நீ ஜூட்டின் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தாய். இப்போது அந்தச் சும்மா இருக்கும் வேலையை நான் பார்க்கிறேன், அக்கா. நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கடை வேலையை விட்டு, மெஷினை வீட்டு முன்னறையில் போட்டிருக்கிறேன். வெள்ளவத்தை ஆட்கள் சிலர் பழைய பழக்கத்தில் துணியைக் கொண்டுவந்து தருகிறார்கள். அவனைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, புரட்டிப் படுக்க வைத்து, சோற்றைக் குழைத்து ஒருமணி நேரம் ஊட்டி, நடுவில் கிடைக்கிற நேரத்தில் பிளவுஸுக்குக் கை வைத்து, கழுத்து வெட்டி, ஹூக் தைத்து. இதை எழுதும்போதே கை ஓய்கிறது. களைப்பு என்றால் படுத்தெழும்பினால் போய்விட வேண்டும். இது என்னோடு படுத்து என்னோடு எழும்புகிறது. சில காலைகளில் கண்ணைத் திறந்தவுடன் முதலில் வருகிற நினைப்பு, இன்றைக்கும் விடிந்துவிட்டதே என்பதுதான்.

உன் கணவர், கட்டாரில் இருக்கிற அத்தான், நத்தார் பண்டிகைக்கு ஒரு ஃபோன் கோல் எடுத்தார். "ஜூட் எப்பிடி, சுகமா?" என்றார். "ஓம், உங்களைப் போலவே சுகம்" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். நீ இருந்திருந்தால் என்னை ஏசியிருப்பாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஃபாதர், சுமை சுமந்து இளைத்தவர்களை ஆண்டவர் தன்னிடம் வரச் சொல்லிக் கூப்பிடுவதைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். வந்தால் இளைப்பாறுதல் தருவாராம். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்குத் தலையாட்ட வரவில்லை. பீடத்துக்கு மேலே சிலுவையில் தொங்குகிறவரைப் பார்த்து மனதுக்குள் கேட்டேன்: கூப்பிடுகிறீரே, நல்லது, ஜூட்டை யாரிடம் விட்டுவிட்டு வர? அவர் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நானும் அவரோடு கதைக்கவில்லை. பூசைக்குப் போவேன், எழும்புவேன், முழங்காலில் நிற்பேன், வாய் அசையும். உள்ளே ஒன்றுமில்லை.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

ஆடி மாதம், ஒரு மத்தியானம். கல்யாணப் பெண்ணின் பட்டுப் பிளவுஸ் அவசரமாகக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு கையால் ஜூட்டுக்கு ஊட்டிக்கொண்டே மற்றக் கையால் ஓரம் மடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் கரண்டியைத் துப்பினான். நாலாவதையும் துப்பினான். அவனுடைய கை தானாக இழுத்து அடிக்குமே, அப்படி அடித்ததில் கோப்பை கவிழ்ந்து சோறும் பருப்பும் பட்டில் கொட்டியது. நான் அவனுடைய கன்னத்தில் அறைந்தேன்.

அவன் அழவில்லை. என்னைப் பார்த்தான். பிறகு உன்னைக் கூப்பிடும்போது ஒரு சத்தம் போடுவானே, தொண்டைக்குள்ளிருந்து நீளமாக, அந்தச் சத்தத்தைப் போட்டான். உன்னைக் கூப்பிட்டான், அக்கா. நான் மறுபடியும் அறைந்தேன்.

முதல் அடி கை மீறி விழுந்தது என்று சொல்லலாம். இரண்டாவது அடி அப்படியில்லை. உன்னைக் கூப்பிட்டான் என்பதற்காகத்தான் அடித்தேன். நீ படுத்துக்கிடந்த வார்ட்டில் என் கையைப் பிடித்து, "மெற்றி, இவனை ஒருத்தரிட்டயும் விட்டுடாத" என்று கேட்டாய். நான் "விடமாட்டன்" என்றேன். விடவில்லைதான். வைத்துக்கொண்டு அடித்தேன்.

அடுத்த ஞாயிறு பூசையில் நான் நன்மை வாங்கவில்லை; அந்தப் பாவத்தோடு நற்கருணையை எப்படி நாக்கில் வாங்குவது? மற்றவர்கள் என்றால் பின்வரிசை வாங்குப் பலகையில் ஒளிந்து இருந்துவிடலாம். எங்களுக்கு அதற்கும் வழியில்லை. வீல் செயார் நிற்கிற இடத்துக்கு சிஸ்டரே நற்கருணையைக் கொண்டுவருவார் என்று உனக்குத் தெரியும். ஜூட்டுக்கு ஒரு சின்னத் துண்டைக் கரண்டியில் தண்ணீரோடு கொடுத்துவிட்டு, எனக்கு நீட்டினார். நான் தலையை ஆட்டினேன். சிஸ்டர் நற்கருணையைத் திரும்பக் கிண்ணத்தில் வைத்தார். முழுக் கோயிலும் பார்த்தது. அடுத்த ஞாயிறும் அப்படித்தான். அதற்கடுத்த ஞாயிறும். வாசலில் குசுகுசுவென்று கதை தொடங்கிவிட்டது. இந்த வயதில் இவளுக்கு என்ன பாவம் என்று அவர்களுக்குப் பெரிய யோசனை. ஆள் யாராக இருக்கும் என்றுகூட ஊகித்திருப்பார்கள்.

ஃபாதரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தால் தீர்ந்தது என்று நீ சொல்வாய். போனேன், அக்கா. இரண்டு தரம் வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். கடைசியில் மனஸ்தாபச் செபம் சொல்ல வேண்டுமே. இனி இந்தப் பாவத்தைச் செய்யமாட்டேன் என்று உறுதி கொடுக்கிற இடம் ஒன்று அதில் வரும். சின்ன வயதிலிருந்து கிளிப்பிள்ளை மாதிரி ஒப்புவித்த வரிதான். இப்போது அந்த இடத்துக்கு வந்தால் நாக்கு நின்றுவிடுகிறது. நாளை மத்தியானமும் அவன் துப்புவான். நாளை மத்தியானமும் நான் இதே ஆள்தான். கடவுளிடம் போய்ப் பொய் சொல்லிவிட்டு வருவதைவிடச் சொல்லாமலே இருக்கலாம் என்று திரும்பி வந்துவிட்டேன்.

இப்படியே ஐப்பசி வந்தது. செபமாலை மாதம். மாதா சுரூபம் வீடு வீடாக வரும் முறை தொடங்கியது. எங்கள் ஒழுங்கையில் யார் வீட்டுக்கு எந்த நாள் என்று லிஸ்ட் எழுதுவது லில்லி அன்ரி. நாலு வீடு தள்ளி இருக்கிற அதே லில்லி அன்ரிதான், உன்னோடு ஒரு முழ ரேந்தை லேஸுக்குச் சண்டை பிடித்தவர். என்னைக் கேட்காமலே என் பெயரையும் எழுதிவிட்டார்.

"அன்ரி, எனக்கு ஏலாது. வீட்டைக் கூட்டக்கூட நேரமில்லை" என்றேன்.

"மாதா உன்ட வீட்டுத் தூசி பார்க்கவா வாறா? சும்மா இரு. வடையை நான் கொண்டாறன்" என்றார்.

சொன்னபடி ஒரு பின்னேரம் பாட்டுப் பாடிக்கொண்டு சுரூபத்தைத் தூக்கி வந்தார்கள். மெஷினை மூடி வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் வைத்தோம். இருபது பேர் இருக்கும், வாசல் வரை நிரம்பிவிட்டார்கள். வீட்டுக்காரர்தான் செபமாலையின் முதல் பத்து மணிகளைத் தொடங்க வேண்டும். ஒரு கையில் செபமாலை, மற்றக் கையில் ஜூட்டின் வாயைத் துடைக்கிற லேஞ்சி. முழங்காலில் நின்று தொடங்கினேன். முன்பாதியை நான் சொல்ல, பின்பாதியை அவர்கள் சொன்னார்கள்.

அந்தப் பத்து மணிகளும் முடிந்ததும் திரித்துவத் தோத்திரம் சொல்லி அடுத்தவருக்கு விட வேண்டும். எனக்கு எண்ணிக்கை விட்டுப்போய்விட்டது. பதினொன்று, பன்னிரண்டு என்று போய்க்கொண்டே இருந்தேனாம். யாரும் நிறுத்தவில்லை. செபத்தில் பிழை பிடிக்க அவர்களுக்கும் மனமில்லை, நான் சொல்லச் சொல்லப் பின்பாதியைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பதினெட்டோ பத்தொன்பதோ, அதில் பாதிச் சொல்லில் என் குரல் நின்றுபோனதாம். முழங்காலில் நின்றபடியே மெஷின் காலில் தலை சாய்த்து நித்திரையாகிவிட்டேன்.

கண் விழித்தபோது விடிந்து, ஒழுங்கையில் பாண், பணிஸ் விற்கிறவரின் சத்தம் கேட்டது. பாயில் கிடந்தேன், தலைக்குத் தலையணை வைத்திருந்தது. ஜூட் துணி மாற்றி, தலை வாரி, கட்டிலில் கிடந்தான். லில்லி அன்ரி கதிரையில் இருந்து கால் நீட்டியபடி விசிறிக்கொண்டிருந்தார்.

அவசரமாக எழும்பிப் பாயைச் சுருட்டினேன். "ஏன் அன்ரி எழுப்பேல்ல?" என்றேன்.

"எழுப்பினா எழும்புற நித்திரையா அது? நாங்க மிச்சத்தைச் சொல்லி முடிச்சிட்டுப் போனம்." விசிறியை மடியில் போட்டுவிட்டு, "மெற்றி, ராச்சோறு ஊட்டேக்க ஜூட் எனக்கு மூண்டு தரம் துப்பினான். மூண்டாந்தரம் என்ட கை ஓங்கிட்டுது பிள்ளை. மாதாவைப் பார்த்துட்டுக் கீழ போட்டன்" என்றார்.

நான் உடைந்துபோனேன். "அன்ரி, நான் ஓங்கினது மட்டுமில்லை. அடிச்சனான்."

அவர் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. முகம் கறுத்துவிட்டது. ஜூட்டின் கன்னத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "இதை எனக்குச் சொல்லி என்ன செய்ய? நான் என்ன சாமியாரா? மூஞ்சியைக் கழுவிட்டு கோயிலுக்குப் போ. காலமைப் பூசைக்கு முதல் ஃபாதர் இருப்பார். இவனை நான் பார்க்கிறன்" என்றார்.

போனேன். புது ஃபாதர், என்னைவிடப் பதினைந்து வயதாவது குறைவாக இருக்கும். கண்ணெல்லாம் சிவந்து, அவரும் நித்திரை இல்லாத மனிதர் போலத்தான் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், இரண்டாவது அடியையும் ஏன் என்பதையும். மனஸ்தாபச் செபம் வந்தது. நின்றுவிட்டேன்.

"ஃபாதர், இனிச் செய்யமாட்டன் எண்டு சொல்ல எனக்கு ஏலாது. அது பொய்யாப் போயிடும்."

"செய்யக்கூடாதெண்டு ஆசை இருக்கா?"

"ஆசை இருக்கு. பெலன் இல்லை."

"இண்டைக்கு இரவு வரைக்கும் எண்டு சொல்ல ஏலுமா?"

யோசித்துப் பார்த்தேன். "மத்தியானச் சாப்பாடு இருக்கு, ஃபாதர். ஏலாது."

"வீட்டுக்குப் போய்ச் சேரும் வரைக்கும்?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "ஓம். அது ஏலும்."

"அப்ப அதைச் சொல்லுங்க. போதும்" என்று சொல்லிப் பாவமன்னிப்புக் கொடுத்தார். அபராதமாக, பூசை முடிந்த பிறகும் பத்து நிமிடம் கோயிலில் சும்மா இருந்துவிட்டுப் போகச் சொன்னார். செபம்கூடச் சொல்ல வேண்டாம் என்றார்.

அந்தப் பூசையில் நன்மை வாங்கினேன். பிறகு இருந்தேன், அக்கா. விசிறிகளை நிறுத்திவிட்டார்கள். ஒரு அம்மா மெழுகுதிரித் தட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கடவுளும் கேட்கவில்லை. நான் நல்லவளாக வேண்டும் என்றோ, பொறுமையாக இருக்க வேண்டும் என்றோ ஒன்றும் சொல்லவில்லை. அவரும் என் பக்கத்து வாங்கில் வந்து, களைத்துப்போய் இருந்தது போலிருந்தது. உன் சாவுக்குப் பிறகு முதல் தடவையாக என் தோள் கீழே இறங்கியது. அந்தப் பத்து நிமிடம் மட்டும்தான். ஆனால் அது இருந்தது, அதை நான் இல்லையென்று சொல்லமாட்டேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் செவ்வந்தியோடு உன்னிடம் வந்திருப்பேன்.

அடுத்த கிழமை, லில்லி அன்ரி மகளைப் பார்க்கக் கல்கிசைக்குப் போயிருந்த நாள். மறுபடியும் மத்தியானம், மறுபடியும் சோறு. நான் மெஷினிலிருந்து அப்படியே எழும்பி வந்து, இடது கையால் கரண்டியைப் பிடித்து ஊட்டினேன். துப்பினான். முகத்தில் விழுந்தது. என் வலது கை மேலே போனது. அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். அப்போதுதான் பார்த்தேன், கையில் கத்தரிக்கோல் இருந்தது.

அடிக்கவில்லை, அக்கா. பயப்படாதே, அடிக்கவில்லை. கத்தரிக்கோலைக் குசினி அடுப்படிக்குள் எறிந்துவிட்டு வாசல்படியில் போய் இருந்தேன். ஆனால் அவன் கண்ணை மூடியதை நான் பார்த்துவிட்டேன். உன்னிடம் இருபத்தேழு வருடம் இருந்தவன் ஒருநாளாவது அப்படிக் கண்ணை மூடியிருப்பானா? என்னிடம் ஒரு வருடத்தில் பழகிவிட்டான்.

நடக்க ஏலாதவர்களுக்குச் சிஸ்டர்மார் நடத்துகிற இல்லத்தின் படிவம் ஒன்று என் மேசை லாச்சியில் இருந்தது. நீ இருக்கும்போதே யாரோ கொடுத்து, நீ கிழித்துப்போடச் சொல்லி என்னிடம் தந்தது. நான் கிழிக்கவில்லை, அதையும் இப்போது சொல்லிவிடுகிறேன். அடுத்த நாள் அதில் கையெழுத்து வைத்தேன். சிஸ்டர் வந்து பார்த்தார். அங்கே மூன்று பேர் முறை மாறி ஊட்டுவார்களாம். முறை மாறி என்ற சொல்லைக் கேட்டதும் நான் அவர் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

வருகிற திங்கட்கிழமை அவனைக் கொண்டுபோகிறார்கள். அவனுடைய உடுப்புகளுக்கு எல்லாம் நானே பெயர் தைத்துக்கொண்டிருக்கிறேன். சிவப்பு நூலால், காலருக்குள்ளே.

ஃபாதரிடம் கேட்டேன், இதுவும் பாவமா என்று. இல்லை என்றார். லில்லி அன்ரியும் இல்லை என்றார். அவர்கள் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் வாக்கு வாங்கியது அவர்களில்லையே. நீ அல்லவா? திங்கட்கிழமைக்குப் பிறகு நான் கால் நீட்டிப் படுப்பேன். நித்திரை வரும், எனக்குத் தெரியும், நன்றாகவே வரும். அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. ஆண்டவர் தருவதாகச் சொன்ன இளைப்பாறுதல் இதுதானா? உன் மகன் இல்லாத வீட்டில்தான் அது எனக்குக் கிடைக்க வேண்டுமா? இதையும் அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். மறுபடியும் அவரோடு கதைக்கத் தொடங்கிவிட்டேன் என்பது மட்டும் உனக்கு ஒரு ஆறுதலாக இருக்கட்டும்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க இதை எழுதவில்லை. மன்னிப்பதும் விடுவதும் உன் இஷ்டம். ஞாயிறுதோறும் நான் அங்கே போவேன், மத்தியானச் சோற்றை நானே ஊட்டுவேன். அதை வாக்காகச் சொல்லவில்லை. போவேன், அவ்வளவுதான்.

வாக்கு ஒன்றே ஒன்று தருகிறேன், அக்கா. இது என்னால் முடியும் என்று நன்றாக யோசித்துப் பார்த்துத்தான் தருகிறேன். யார் கேட்டாலும், ஜூட்டின் நன்மைக்காகத்தான் அங்கே விட்டேன் என்று ஒருநாளும் சொல்லமாட்டேன். எனக்கு ஏலாமல் போனது, அதனால் விட்டேன் என்றுதான் சொல்லுவேன். திங்கட்கிழமை வேனில் ஏற்ற முதல், அவனிடமும் அப்படியே சொல்லுவேன்.

உன் தங்கச்சி,
உன் மகனுக்கு இன்னும் சின்னம்மா,
மெற்றில்டா